செங்கம் சாலையிலிருந்து நேர்காணல் அறைக்கு

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கிற செங்கம் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்றால், உடையில் இத்தனை விதமா என்று தோன்றும். காவி கட்டிய சாமியார்கள், தொளதொள பருத்தி ஜிப்பாவில் வெளிநாட்டுக்காரர்கள், கிரிவலம் முடித்து வெறுங்காலோடு திரும்பும் குடும்பங்கள். இவர்களுக்கு நடுவே பொறியியல் கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். சட்டையை ‘இன்’ பண்ணி, பெல்ட் போட்டு, ஷூ மாட்டி, கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்பார்கள். அதே சாலையில் உள்ள அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர்கள் சுடிதாரிலும் ஜீன்ஸிலும் செருப்புக் காலோடு நடந்து போவார்கள். ஆசிரமத்துக்குள் நுழைந்தால் சுவரெங்கும் கோவணம் ஒன்றோடு அமர்ந்திருக்கும் ரமணரின் படங்கள்.

சாலையில் நிற்கிற இந்த இரு வகைப் பிள்ளைகளும் மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரே மாதிரியான மேசைக்கு எதிரே போய் உட்காரப் போகிறார்கள். ஒருவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், இன்னொருவர் ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியர் தேர்வில். இருவரும் முந்தைய நாள் இரவு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு என்ன போட்டுக்கொண்டு போவது?

இதற்கு ஆயத்த விடை ஊரெங்கும் கிடைக்கிறது. வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, கருநீல பேண்ட், கறுப்பு ஷூ, பெண்ணென்றால் பருத்திச் சேலை. விடை தவறில்லை. ஆனால் ஏன் அப்படி, எந்த வேலைக்கு அது பொருந்தாது, அந்தச் செலவை யார் சுமப்பது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன பொறுப்பு என்பதையெல்லாம் அந்த விடை தொடுவதில்லை. வரலாறு, ஆய்வுகள், சட்டம், நடைமுறை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்வி முழுதாகத் தெரியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர்காணல் உடை என்பது, உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் அணிந்தவருக்கும் பார்ப்பவருக்கும் மறந்துபோக வேண்டிய ஒன்று. அதை மறக்க முடியாதபடி செய்வதில் தேர்வுக் குழுக்களின் பங்கு, பிள்ளைகளின் பங்கைவிடப் பெரியது.

திருவண்ணாமலைக்குத் தெற்கே, பெண்ணையாற்றங்கரையில் இருக்கிற திருக்கோவிலூரிலிருந்து தொடங்கலாம். 1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து கிளம்பி வந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அங்கே கீழூரில் ஒரு வீட்டில் தன் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1 அன்று ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினான். கோயிலுக்குப் போய்விட்டு அய்யங்குளத்தருகே மொட்டை போட்டுக்கொண்டு, கட்டியிருந்த வேட்டியில் ஒரு துண்டைக் கோவணமாகக் கிழித்துக்கொண்டு மீதியை எறிந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவருக்கு, 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை கோவணம்தான் உடை.

அதே திருக்கோவிலூருக்கு 1910-இல் இன்னொரு இளைஞர் வந்தார். அப்போது அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். கேட்டது ஒரு எழுத்தர் வேலை. நீட்டியது கணிதக் குறிப்பேடுகள். ராமசாமி ஐயர் குறிப்பேட்டைப் புரட்டினார். இப்படிப்பட்டவரை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் அடைப்பது சரியில்லை என்று முடிவு செய்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பி வைத்தார். அந்த வழியில்தான் அந்த ஆண்டின் இறுதியில் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவைச் சந்திக்க முடிந்தது.

அந்தச் சந்திப்பைப் பற்றி ராவ் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் சந்தித்த நேர்காணல்களில், எதிரே இருந்தவரே உண்மையாகப் பதிவு செய்தது இதற்கு இணையாக வேறொன்றை நான் படித்ததில்லை. சவரம் செய்யாத முகம், அவ்வளவு சுத்தமில்லாத தோற்றம், அக்குளில் நைந்த நோட்டு, பளபளக்கும் கண்கள் என்று தான் கண்டதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் அங்கே நிற்கவும் இல்லை. முதல் பார்வையில் தனக்கு எதுவும் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் எளிய முடிவுகளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அவரை அழைத்துப் போனார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுக்குச் சோறு போதும் என்பது பதில். மாதம் 25 ரூபாய் கொடுத்தார் ராவ். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறும் முன், குடுமியை எடுத்து, பேண்டும் ஷூவும் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் கதையை வைத்து ‘திறமை இருந்தால் உடை எதற்கு’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பான பாடம். ராமானுஜனுக்கு வாய்த்தது நோட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த இரண்டு அதிகாரிகள், திரும்பத் திரும்பச் சந்திக்க அவகாசம், கையில் மறுக்க முடியாத சான்று. கேம்பஸ் இன்டர்வியூவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்குள் உடை என்ன வேலை செய்கிறது என்பதை ஆய்வுகளிடம்தான் கேட்க வேண்டும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய டாங்வான் ஓ, எல்தார் ஷஃபீர், அலெக்சாந்தர் தொதோரவ் மூவரும் 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வு நம் நெஞ்சைத் தொட வேண்டியது. ஒரே முகத்தைச் சற்று வசதியானவர் உடுத்துவதுபோல் தெரியும் மேலாடையோடும், சற்று எளிய மேலாடையோடும் காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். வசதியான உடையில் இருந்த முகத்துக்கே மதிப்பெண் கூடியது. படத்தைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டினாலும் அப்படியே. உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லிக் காட்டினாலும் அப்படியே. சரியாகக் கணித்தால் பணம் என்று ஆசை காட்டியும் முழுதாக மாறவில்லை. ‘நாங்கள் உடையைப் பார்ப்பதே இல்லை’ என்று நல்ல மனதோடு சொல்கிற குழு உறுப்பினர்கள் இதைப் படிக்க வேண்டும். அவர்கள் பார்க்கிறார்கள். தாங்கள் பார்ப்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மரி பாரிக், ஜோனாதன் ஷாஃபர், சான்ட்ரா டெகிராஸி ஆகியோர் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தோற்றமும் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதமும் நேர்காணல் மதிப்பெண்ணை உயர்த்துகின்றன. ஆனால் வேலையில் சேர்ந்தபின் அவர் எப்படி வேலை செய்வார் என்பதை அவை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, விடைக்கு மதிப்பெண் முன்கூட்டியே வகுத்து வைக்கிற நேர்காணல்களில் தோற்றத்தின் செல்வாக்கு குறைகிறது. ‘சும்மா பேசிப் பார்க்கலாம்’ என்கிற நேர்காணலில்தான் அது கொடிகட்டிப் பறக்கிறது. நம் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் நேர்காணல்கள் பெரும்பாலும் எந்த வகை என்பது அவற்றில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

உடை அணிந்தவரின் மூளையையே மாற்றும் என்றும் ஒரு கருத்து புழங்குகிறது. மருத்துவர் அங்கி என்று சொல்லி வெள்ளை அங்கியை மாட்டிவிட்டால் கவனம் கூடுகிறது என்று ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி இருவரும் 2012-இல் எழுதியதிலிருந்து இது பரவியது. 2019-இல் அந்தச் சோதனைகளில் முதலாவதைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே கோட்டு போட்டால் தன்னம்பிக்கை தானாக வரும் என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்வதை நிறுத்தலாம். பழகாத கோட்டு, அணிந்தவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே, வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்ததற்காகப் பொது இடத்தில் ஒருவரை நுழையவிடாமல் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் வந்தது. 2019-இல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்குப் பிறப்பித்த உடை ஆணையிலும் ஆண்களுக்கு பேண்ட் சட்டையோடு வேட்டியும், பெண்களுக்குச் சேலையோடு துப்பட்டா அணிந்த சுடிதாரும் இடம்பெற்றன. அதாவது அரசு அலுவலகத்தில் வேட்டி கட்டி வேலை பார்க்கலாம். சட்டம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் மனதில் போடுகிற மதிப்பெண்ணைத் திருத்த அதற்குக் கை நீளாது. அதனால்தான் வேட்டியில் நேர்காணலுக்குப் போகிற பொறியாளரை இன்றும் காண முடிவதில்லை.

நிறுவனங்களின் போக்கோ ஒரே நேர்க்கோட்டில் இல்லை. இன்ஃபோசிஸ் 2015-இல் வாரம் முழுக்க இயல்பான உடைக்கு அனுமதி கொடுத்தது. டிசிஎஸ் 2023 அக்டோபரில் ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தபோது பழைய உடை ஒழுங்கை நினைவூட்டியது. உள்ளே டி-ஷர்ட்டில் வேலை பார்க்கிற நிறுவனம்கூட நேர்காணலுக்கு வருகிறவரிடம் ‘ஃபார்மல்ஸ்’ எதிர்பார்க்கிறது. இந்த முரண் மாணவர்களைக் குழப்புகிறது. சீனியர் அண்ணன் ஜீன்ஸில் வேலைக்குப் போகிறாரே, நான் ஏன் டை கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். டை வேண்டாம் என்பதுதான் என் பதில். மென்பொருள், மின்னணு, கட்டுமானம் என்று எந்தத் துறையானாலும், தமிழ்நாட்டு வெயிலில், முதல் வேலைக்கு வருகிற பிள்ளை டையும் கோட்டும் இல்லாமல் வந்ததற்காக நியாயமான குழு எதுவும் மதிப்பெண் குறைக்காது. இஸ்திரி போட்ட சட்டை, சரியான நீளத்தில் பேண்ட், துடைத்த காலணி போதும்.

சரியான நீளம் என்று சொன்னேன். இதில் சற்று நின்றாக வேண்டும். கடையில் வாங்குகிற பேண்ட் பெரும்பாலும் இரண்டு மூன்று அங்குலம் நீளமாகவே இருக்கும். அதை மடித்துத் தைக்காமல் ஷூவின் மேல் சுருண்டு கிடக்க வருகிறவர்களை எத்தனையோ பார்த்தாயிற்று. தையல்காரரிடம் ஷூவைப் போட்டுக்கொண்டு போய் நிற்க வேண்டும், செருப்போடு நின்று அளவு கொடுத்தால் மாறிவிடும். ஆசிரமத்தருகே உள்ள ரமணா நகர்ப் பக்கத் தையல்காரர்கள் வெளிநாட்டாருக்குப் பருத்தி ஜிப்பாவும் பைஜாமாவும் தைத்துக் கை தேர்ந்தவர்கள். இந்த ‘ஆல்டர்’ வேலை அவர்களுக்குச் சிறிது நேரத்து வேலை. தோள் தையல் தோள்பட்டை எலும்பிலேயே நிற்கிறதா, காலர் பொத்தானைப் போட்டால் ஒரு விரல் நுழைகிறதா, கையை முன்னே நீட்டினால் முதுகு இழுக்கிறதா என்று மூன்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். விலை உயர்ந்த சட்டை பொருந்தாமல் தொங்குவதைவிட, சாதாரணச் சட்டை உடம்பில் ஒழுங்காக உட்காருவது நூறு மடங்கு மேல்.

அடுத்தது வியர்வை. திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் செஞ்சி, திண்டிவனம் வழியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் பேருந்துப் பயணம். 2024 மே மாதத்திலிருந்து வேலூர் வழியாகச் சென்னைக் கடற்கரைக்கு ஒரு ரயிலும் ஓடுகிறது, விடியுமுன்பே கிளம்ப வேண்டும். எதில் போனாலும் நேர்காணல் சட்டையை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். பழைய சட்டையில் பயணம் செய்து, போய்ச் சேர்ந்து முகம் கழுவிய பிறகு மாற்றுங்கள். வெளிர் நீலத்தில் வியர்வை ஈரம் திட்டுத் திட்டாகத் தெரியும், வெள்ளையில் அவ்வளவு தெரியாது. பாலியஸ்டர் கலப்பு கசங்காது என்பது உண்மை, ஆனால் காற்று புகாமல் உடம்பை அவித்துவிடும். பருத்தி கூடுதலாக உள்ள கலப்புத் துணி நடுவழி. பௌர்ணமியை ஒட்டி நேர்காணல் வந்தால், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களிலிருந்துதான் வண்டி என்பதையும், பெட்டியோடு கிரிவலக் கூட்டத்தில் நடக்க வேண்டும் என்பதையும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம்.

பொறியியலில் எல்லாமே குளிரூட்டிய அறை இல்லை. செய்யாறு சிப்காட்டிலோ ஒரகடத்திலோ ஒரு தொழிற்சாலை அழைத்தால், பேசி முடித்த பிறகு இயந்திரங்கள் ஓடுகிற தளத்தைச் சுற்றிக் காட்டக் கூடும். ஓடுகிற இயந்திரத்தருகே வேலை செய்கிறவர் உடம்போடு ஒட்டிய உடையில் இருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. தொங்குகிற டை, காற்றில் பறக்கிற துப்பட்டா, குதிகால் உயர்ந்த செருப்பு மூன்றும் அங்கே ஆபத்து. துப்பட்டாவை ஊக்குப் போட்டு இறுக்கி, தட்டையான மூடிய காலணியோடு வருகிற பெண், தளத்தை அறிந்தவர் என்று அனுபவப்பட்ட பொறியாளர் உடனே கண்டுகொள்வார். உடை வேலையைப் பற்றிய அறிவைக் காட்டுகிற இடம் இது. நேர்காணல் உடையில் நான் மனதார மதிப்பெண் கொடுக்கிற இடமும் இது ஒன்றே.

கல்லூரி ஆசிரியர் தேர்வு வேறு உலகம். பெரும்பாலான இடங்களில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். கரும்பலகையில் எழுதக் கை தூக்கும்போது சட்டை ‘இன்’னிலிருந்து வெளியே வருகிறதா என்று வீட்டுச் சுவரில் எழுதிப் பார்க்க வேண்டும். கறுப்பு பேண்டில் சுண்ணக்கட்டித் தூள் அப்பிக்கொள்ளும், சாம்பல் நிறம் காப்பாற்றும். சேலை கட்டுகிறவர்கள் முந்தானையைத் தோளில் மடிப்பாக ஊக்கில் நிறுத்தி, பலகைக்கும் வகுப்புக்கும் மாறி மாறித் திரும்பிப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணல்களில், குறிப்பாக ஐஐடி போன்ற இடங்களில், எதிரே உட்கார்ந்திருக்கிற பேராசிரியரே அரைக்கைச் சட்டையும் செருப்புமாக இருப்பார். அங்கே சுத்தமான சாதாரண உடை போதும், அவர்கள் குடைவது ஆய்வுத் திட்டத்தைத்தான்.

பெண்களுக்கு இந்தக் கேள்வி இரட்டிப்புச் சுமையாக வருகிறது. ஆணிடம் கசங்கலைப் பார்க்கிற கண், பெண்ணிடம் நிறம், கழுத்து, கை நீளம், நகை, பொட்டு எல்லாவற்றையும் பார்க்கிறது. 1985-லேயே சான்ட்ரா ஃபார்சைத் குழுவினர் அமெரிக்காவில் செய்த சோதனையில், ஆண் உடையின் சாயல் கூடிய உடையில் வந்த பெண்களுக்கே மேலாளர் வேலைக்குப் பரிந்துரை கூடியது. இங்கே அது தலைகீழ்: சேலை கட்டினால்தான் ஆசிரியை போலத் தெரிகிறார் என்கிறார்கள். கேரள அரசின் உயர்கல்வித் துறை 2021 நவம்பரில், ஆசிரியைகள் சேலைதான் கட்ட வேண்டும் என்று கல்லூரிகள் வற்புறுத்தக் கூடாது எனத் தெளிவாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அரசு ஆணை சுடிதாரை ஏற்றுக்கொண்ட பிறகும், பல தனியார் பொறியியல் கல்லூரிகளில் பெண் ஆசிரியர்களுக்குச் சேலை, அதற்கு மேல் ஒரு ஓவர்கோட் என்ற விதி தொடர்கிறது. மே மாதத்து வெயிலில் ஆய்வகத்தில் நின்று பாடம் நடத்துகிறவருக்கு இது தண்டனை. ஆசிரியைகளின் உடம்பைப் பிள்ளைகளின் பார்வையிலிருந்து மறைப்பதற்கு என்று சொல்லப்படுகிற காரணம், ஆசிரியைக்கும் இழிவு, பிள்ளைகளுக்கும் இழிவு. இதை எழுதி வைக்க எனக்குத் தயக்கமில்லை.

தேர்வுக்குப் போகிற தங்கைகளுக்கு: சேலை பழக்கமென்றால் கோ-ஆப்டெக்ஸ் பருத்திச் சேலை ஒன்று, துவைத்து ஒருமுறையாவது கட்டியதாக. ஆரணிப் பட்டு நம் மாவட்டத்துப் பெருமைதான், அது கல்யாணத்துக்கு இருக்கட்டும். பழக்கமில்லையென்றால் சுடிதாரிலேயே போங்கள். இடறி விழுந்துவிடுவோமோ என்ற நினைப்போடு எடுக்கிற மாதிரி வகுப்பு நன்றாக அமையாது. விபூதி, குங்குமம், ஹிஜாப், சிலுவைச் சங்கிலி எதுவானாலும் அன்றாடம் அணிவதை நேர்காணலுக்காகக் கழற்ற வேண்டாம். சி. வி. ராமன் 1930-இல் தலைப்பாகையோடுதான் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் பணம் இருப்பவருக்கு. சட்டை, பேண்ட், பெல்ட், ஷூ, சாக்ஸ் எல்லாம் சேர்த்து மலிவாகப் பார்த்தாலும் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஓர் அம்மாவின் ஆறு நாள் உழைப்பைத் தாண்டுகிறது. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் ஷூவும் ‘இன்’னும் கட்டாயம் என்பதால் அங்கே படிப்பவருக்கு அந்தச் செலவும் பழக்கமும் முன்பே வந்துவிடுகிறது. அரசு கலைக் கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ படித்தவருக்கு ஷூ என்பது நேர்காணல் அன்றுதான் காலில் ஏறுகிறது. புது ஷூ குதிகாலைக் கடிக்க, நொண்டிக்கொண்டே அறைக்குள் வருகிறவரைப் பார்த்து ‘தன்னம்பிக்கை போதவில்லை’ என்று குறிப்பு எழுதுகிறது குழு. செய்யாறு சிப்காட்டில் உலகப் புகழ்பெற்ற நிறுவனத்துக்காக விளையாட்டுக் காலணிகளைத் தைப்பவர்கள் நம் மாவட்டத்துப் பெண்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமான ஒரு ஜோடி இருக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

காலணிக்கு இந்த மண்ணில் இன்னொரு கணக்கும் உண்டு. செருப்புப் போட்டுத் தெருவில் நடந்ததற்காக அடிபட்ட தலைமுறைகள் இருக்கின்றன. தோளில் துண்டு போட உரிமை இல்லாதிருந்தவர்கள் இருக்கிறார்கள். தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேலாடைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. அம்பேத்கர் மூன்று துண்டுக் கோட்டோடு நின்றதன் பொருள் அந்த வரலாற்றில் இருக்கிறது. காந்தியின் எளிமையும் ரமணரின் துறவும் பெரியவை. துறப்பதற்கு ஒரு வேட்டி இருந்தவரின் பெருமை அது. உடுக்கவே மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை, முதல் நேர்காணலுக்குக் கோட்டு போட்டு வந்தால் ‘இந்த வெயிலில் எதற்கு’ என்று சிரிக்கக் கூடாது. டை வேண்டாம் என்று மேலே சொன்ன நானே சொல்கிறேன்: அவருக்கு அது வேண்டுமென்றால், அது அவர் உரிமை.

இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன், கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகன். நாகர்கோவிலில் கல்லூரி முடிக்கும்வரை வேட்டிதான் கட்டியதாகவும், சென்னை எம்ஐடியில் வானூர்திப் பொறியியல் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக பேண்ட் போட்டதாகவும் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் 1980-இல் அங்கே பட்டம் பெற்றார். இன்றைய சிவன்கள் அரசுப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த முதல் அணி 2025-இல் படிப்பை முடித்து நேர்காணல் அறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் நீட் எழுதப் போயிருந்தால், முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது என்று வாசலில் நிறுத்தியிருப்பார்கள். நான்கு வருடம் கழித்து முழுக்கையும் ஷூவும் இல்லாவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது, எழுதிக் கொடுப்பவர் யாருமில்லை.

எதிரே இருப்பவர் எழுந்து வர முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சான்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938-இல் ரமணாசிரமம் வந்தார். கனமான பூட்ஸ் போட்டிருந்ததால் கழற்றாமல் கூடத்தின் வாசல் வரை மட்டும் போய் எட்டிப் பார்த்தார் என்று, ஆசிரமவாசியாக இருந்த மேஜர் சாட்விக் எழுதியிருக்கிறார். பிறகு சாட்விக்கின் அறையில் மாம் மயங்கிப் படுத்திருந்தபோது, ரமணரே அங்கே வந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றுகூட அவர் எதிர்பார்க்கவில்லை. பூட்ஸைக் கழற்றாதவரைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்களிடமும் கல்லூரி நிர்வாகங்களிடமும் சில வேண்டுகோள்கள். அழைப்புக் கடிதத்தில் உடை பற்றி இரண்டு வரி தமிழிலும் எழுதுங்கள்: சுத்தமான எந்த உடையும் ஏற்கப்படும், வேட்டி, சேலை, சுடிதார், அரைக்கைச் சட்டை, செருப்பு எதற்கும் மதிப்பெண் குறையாது என்று. மதிப்பெண் தாளில் ‘தோற்றம்’ என்ற கட்டம் இருந்தால் அடித்துவிடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் நேர்காணலுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், அதோடு ஒவ்வொரு அரசு கலைக் கல்லூரியிலும் எல்லா அளவிலும் சில சட்டைகள், பேண்டுகள், காலணிகளை ஓர் அலமாரியில் வைத்து, இறுதியாண்டுப் பிள்ளைகள் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போக, துவைத்துத் திருப்பித் தர ஏற்பாடு செய்யலாம். முன்னாள் மாணவர்கள் மனது வைத்தால் ஒரே மாதத்தில் நடக்கிற காரியம்.

பிள்ளைகளுக்கு: புது ஷூவை ஒரு வாரம் முன்னதாகவே போட்டு நடந்து பழகுங்கள். இரவல் வாங்குவதில் வெட்கமில்லை, அண்ணனின் சட்டை பொருந்தினால் அதுவே போதும். சான்றிதழ் கோப்பை உடைக்கு முன்னால் எடுத்து வையுங்கள்.